மடக்கு போன் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் அப்பா ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷம் அரம் பிடித்ததில் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கும். டச் போன் அந்த விரலை ஏற்கவே இல்லை. போன் அடிக்கும், பச்சை வட்டத்தை இழுப்பார், நகராது, மறுபடி இழுப்பார், அதற்குள் கால் நின்றுவிடும். "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று மேஜைமேல் வைத்துவிடுவார். கோளாறு அவரிடம் இல்லை. விரல் வழியாகக் கடத்தப்படும் மின்னேற்றத்தை உணர்ந்துதான் தொடுதிரை வேலை செய்கிறது. காய்ந்து தடித்த தோல் அதைச் சரியாகக் கடத்தாது.

பட்டன் வைத்து, திறந்து மூடும் மடக்கு போன் வாங்கிக் கொடுத்த மூன்றாவது வாரம் அவரே எனக்கு மெசேஜ் அனுப்பினார். அதைக் கேள்விப்பட்டு மாடி வீட்டு அக்கா வந்தார், பிறகு அவருடைய அண்ணன் வந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரம்பூரில் எங்கள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கையில் போனோடு உட்காருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் கீழே இருப்பவை. கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும், வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

கடையில் கேட்டால் எதையோ எடுத்து நீட்டுகிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் உங்களிடம் இருப்பது எந்த சிம் என்று சொல்லுங்கள். ஜியோவில் 2ஜி சேவை கிடையாது. அதனால் ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் '4ஜி', 'வோல்ட்இ' (VoLTE) இரண்டும் அட்டைப்பெட்டியில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நாங்கள் இதில் ஒரு தடவை ஏமாந்தோம். அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் விலை குறைவு என்று ஒரு மடக்கு போன் வாங்கினோம். அது 2ஜி. வீட்டுக்கு வந்து அப்பாவின் ஜியோ சிம்மைப் போட்டால் டவரே காட்டவில்லை. திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மற்ற கம்பெனி சிம்மாக இருந்தாலும் 4ஜி போனாகவே வாங்குங்கள், பேச்சு தெளிவாக இருக்கும்.

அடுத்து, பட்டன். போனைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். ஒரு பட்டனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விரலுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். மூடியிருக்கும்போதே யார் அழைக்கிறார்கள் என்று காட்டும் வெளித்திரை இருந்தால் நல்லது. 2022இல் இந்தியாவுக்கு வந்த நோக்கியா 2660 ஃபிளிப்பில் உள்ளே 2.8 அங்குலத் திரை, வெளியே 1.77 அங்குலத் திரை, பக்கவாட்டில் அவசரப் பட்டன், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி எல்லாம் உண்டு. அதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இப்படி என்னென்ன இருக்கிறது என்று எந்தப் போனிலும் கேட்டுப் பாருங்கள்.

ரிச்சி தெருவில் பழைய போன் வாங்குகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் அதில் *#06# அழுத்துங்கள். அந்தப் போனுக்கு மட்டுமே உரிய அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். 'கேஒய்எம்' என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்கம் என்று அடித்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்தப் போனின் விவரம் பதிலாக வரும். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

யார் என்று பார்க்கத்தான் திறந்தேன், உடனே பேச ஆரம்பித்துவிட்டார்கள்!

திறந்தால் கால் எடுபடும், மூடினால் கட் ஆகும் என்று அமைத்திருக்கிறார்கள். பலருக்கு இதுதான் வசதி. பட்டனே தேட வேண்டாம். ஆனால் தெரியாத எண்ணை எடுக்கப் பயப்படுகிறவர்களுக்கு இது தொல்லை. செட்டிங்ஸுக்குள் கால் அமைப்புகளில் 'திறந்தால் பதிலளி' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அணைத்துவிட்டால் திறந்து, பெயரைப் படித்து, வேண்டுமென்றால் மட்டும் பச்சைப் பட்டனை அழுத்தலாம். மூடினால் கட் ஆவதை மட்டும் மாற்றாதீர்கள். பேசி முடித்துவிட்டுக் கட் செய்ய மறந்து, வீட்டுப் பேச்செல்லாம் மறுமுனைக்குக் கேட்கும் சங்கடம் மடக்கு போனில் இல்லாமல் போவது அதனால்தான்.

இத்தனை பட்டன் இருக்கிறதே, எதிலிருந்து தொடங்குவது?

5இலிருந்து. கட்டைவிரலால் தடவினால் 5ஆம் எண்ணின்மேல் சின்னப் புள்ளியோ கோடோ புடைத்துக்கொண்டிருப்பது தெரியும். அதற்கு மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. விளக்கு இல்லாமல் இதைத் தேடிப் பிடிக்க ஒரு நாள் பழகினால் போதும், மற்றது தானாக வரும்.

எண்களுக்கு மேலே பச்சை அழைக்க, சிவப்பு நிறுத்த. எந்த மெனுவில் இருந்தாலும் சிவப்பை அழுத்தினால் முதல் திரைக்குத் திரும்பிவிடலாம். எதையோ அழுத்திவிட்டோம், எங்கேயோ போய்விட்டோம் என்றால் பதற வேண்டாம், சிவப்பை அழுத்துங்கள். ரொம்ப நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் போன் அணைந்துவிடும். திரையின் அடியில் இடது, வலது மூலைகளில் வரும் சொற்களுக்கு நேர் கீழே இருக்கும் இரண்டு பட்டன்கள்தான் அந்தச் சொற்களுக்கு உரியவை. சொல் மாறினால் பட்டனின் வேலையும் மாறும்.

அம்மாவுக்குப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்துவிட்டேன், மறுநாளே மறந்துவிடுகிறார். என்ன செய்வது?

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் மகன், மகள்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சொல்லிக் கொடுக்கும்போது போன் யார் கையில் இருந்தது?

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அப்பா ஏதாவது கேட்டால் "கொடுங்கப்பா" என்று வாங்கி, சட்சட்டென்று நாலு பட்டன் அழுத்தி, "இவ்வளவுதான்" என்று திருப்பிக் கொடுப்பேன். அவர் பார்த்தது என் விரல் ஓடியதை மட்டும். ஒரு நாள் அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "நான் ஷாப்பில் பையன்களுக்கு வேலை கற்றுக் கொடுக்கும்போது அரத்தை வாங்க மாட்டேன்." அன்றிலிருந்து நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சொல்லித் தருகிறேன். எங்கள் வாசலில் இது ஒன்றுதான் கட்டாயம். கற்றுக்கொள்பவர் கையிலிருந்து யாரும் போனை வாங்கக் கூடாது. தப்பாக அழுத்தட்டும், சிவப்பை அழுத்தித் திரும்பி வரட்டும், மறுபடி போகட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு வேலைக்கு மேல் வேண்டாம். இன்று கால் எடுப்பது, நாளை கால் செய்வது, இரண்டு நாள் கழித்து பெயர் தேடுவது. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அவர்களே, அவர்கள் கையெழுத்தில், அவர்களுக்குப் புரியும் சொல்லில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாடி வீட்டு அக்கா நடுப் பட்டனுக்கு 'ரவுண்டு' என்று எழுதியிருக்கிறார். அவருக்கு அது போதும்.

பெயர்களை எப்படிச் சேமித்தால் சீக்கிரம் கிடைக்கும்?

அடிக்கடி பேசும் நான்கைந்து பேரின் பெயருக்கு முன்னால் ஆங்கில 'ஏ' ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பட்டியலைத் திறந்ததும் அவர்கள்தான் மேலே வருவார்கள். எண்ணுக்கு முன்னால் +91 போட்டுச் சேமிப்பது நல்ல பழக்கம்.

டச் போனிலிருந்து பெயர்களை மாற்ற இரண்டு வழி. சிம்மில் சேமித்து சிம்மையே மாற்றலாம். சிம்மில் பொதுவாக 250 பெயர் வரைதான் கொள்ளும், நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். அல்லது புளூடூத் வழியாக அனுப்பலாம். நான் இரண்டையும் சிபாரிசு செய்வதில்லை. 300 பெயரில் 20 பேரோடுதான் பேசுகிறோம். அந்த இருபதையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தால் எழுத்துப் பழக்கமும் வந்துவிடும்.

மகன், மகளுக்குப் பிறகு சேமிக்க வேண்டியவை: ஆம்புலன்ஸ் 108, மின்தடைக்கு மின்னகம் 94987 94987, சென்னை மாநகராட்சிப் புகார் 1913, முதியோர் உதவி எண் 14567. இண்டேன் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் பதிவு செய்த எண்ணிலிருந்து 84549 55555க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாலே புக் ஆகிவிடும். ஆப் தேவையில்லை.

ஒரே பட்டனில் மகனைக் கூப்பிட முடியுமா?

முடியும். ஸ்பீடு டயலில் 2க்கு மகன், 3க்கு மகள் என்று வைத்துவிட்டால் அந்த எண்ணை அழுத்திப் பிடித்தாலே அழைப்பு போகும். 5, 9 இரண்டையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள், காரணம் கீழே வருகிறது. கண் பார்வை குறைந்த ஒரு பெரியம்மாவுக்கு 2ஆம் பட்டனின் ஓரத்தில் சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்தேன். சிவப்புப் பொட்டு சின்ன மகனாம். ஒரு வாரம் கழித்து அவரே 3க்குப் பச்சைப் பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தார்.

மெசேஜ் அடிப்பது எப்படி?

ஒரு பட்டனில் மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்துக்கு ஒரு தடவை, இரண்டாவதற்கு இரண்டு தடவை அழுத்த வேண்டும். நாங்கள் முதலில் கற்றுக் கொடுக்கும் சொல் 'சரி', ஆங்கில எழுத்தில். எஸ் என்பது 7இல் நான்காவது எழுத்து, ஆகவே 7ஐ நான்கு தடவை. ஏவுக்கு 2ஐ ஒரு தடவை. ஆருக்கு 7ஐ மூன்று தடவை. ஐக்கு 4ஐ மூன்று தடவை. மொத்தம் பதினோரு அழுத்தம், ஒரு 'சரி'. அப்பா அனுப்பிய முதல் மெசேஜும் இதுதான்.

அடுத்த பாடம் 'அம்மா'. இதில் இரண்டு எம் சேர்ந்து வரும். 6ஐ ஒரு தடவை அழுத்திவிட்டு, கர்சர் நகரும்வரை ஒரு நொடி பொறுத்து, மறுபடி 6. பொறுக்காமல் அழுத்தினால் எம் மாறி என் ஆகிவிடும். பெரும்பாலான போன்களில் 0 இடைவெளி, 1 முற்றுப்புள்ளி வகையறா, * குறியீடுகள், # பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் மாற்ற.

'நான் ஒன்று அடித்தால் அது வேறெதையோ எழுதுகிறது' என்பவர்கள் டிக்‌ஷனரியை அணையுங்கள். அது ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வசதி. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவருக்கு அது இடைஞ்சல்தான்.

தமிழ் எழுத்திலேயே அடிக்கும் வசதி பல போன்களில் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். நீளமாக எழுதினால் இரண்டு மூன்று மெசேஜாகக் கணக்காகும்.

போன் அடிக்கவே மாட்டேன் என்கிறது.

பத்தில் எட்டுப் பேர் விஷயத்தில் # பட்டன் தெரியாமல் அழுந்தி சைலண்டில் போயிருக்கும். மறுபடி # பட்டனை அழுத்திப் பிடித்தால் திரும்பும். கோடு போட்ட மணி அல்லது ஸ்பீக்கர் படம் திரையில் இருக்கிறதா என்று பார்க்கப் பழகுங்கள்.

பேசுவது சரியாகக் கேட்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மேல், கீழ் பட்டனை அழுத்துங்கள். கால் நடக்கும்போதுதான் பேச்சின் சத்தம் கூடும், சும்மா இருக்கும்போது அழுத்தினால் வேறு மெனு வரும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. காது மெஷின் வைத்திருப்பவர்கள் அதனோடு ஒத்துப்போகும் போனா என்று வாங்கும்போதே பேசிப் பார்த்துவிட வேண்டும்.

குளியலறையில் விழுந்துவிட்டால் போன் இருந்து என்ன பயன்?

2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அழைப்பு 112க்குப் போகும். ஸ்பீடு டயலுக்கு அந்த இரண்டையும் விட்டுவைக்கச் சொன்னது இதற்காகத்தான். தனி அவசரப் பட்டன் உள்ள போன்களில் வீட்டார், பக்கத்து வீட்டார் எண்களைக் கொடுத்து வைக்கலாம். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகன் எண்ணை முதலில் போடாதீர்கள். ஐந்து நிமிஷத்தில் கதவைத் தட்டக்கூடியவர் எண்ணைப் போடுங்கள். எல்லோரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒரு தடவை அழுத்திச் சோதித்துப் பாருங்கள். சோதிக்காத அவசரப் பட்டனை நம்பி இருக்க முடியாது. அப்புறம், போன் கூடத்து மேஜையில் இருந்தால் இதனால் பலன் இல்லை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், குளிக்கும்போது கை எட்டும் தூரத்தில் கொக்கியில் தொங்கவிடலாம்.

ஓடிபி வந்தால் எப்படிப் பார்ப்பது?

மெசேஜைத் திறந்தால் போதும், இதற்கு இன்டர்நெட் வேண்டாம். வரவில்லை என்றால் இன்பாக்ஸ் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய விளம்பர மெசேஜ்களை வாரம் ஒரு தடவை அழித்துவிட வேண்டும்.

கடையில் ஜிபே இல்லையா என்று கேட்கிறார்களே?

பட்டன் போனுக்கும் யூபிஐ உண்டு. யூபிஐ 123பே என்ற சேவையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணிலிருந்து 080 4516 3666க்கு அழைத்தால், மொழியைத் தேர்ந்தெடுத்து, குரல் சொல்லச் சொல்லப் பட்டன் அழுத்திப் பணம் அனுப்பலாம். மகனுக்கோ வாடகைக்கோ அனுப்ப இது நன்றாக உதவும். காய்கறிக் கடையில் நின்று செய்ய நேரம் பிடிக்கும், அதற்குச் சில்லறையே மேல். முதல் தடவை வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

போலீஸ் என்று சொல்லி யாரோ மிரட்டினார்கள்.

மூடிவிடுங்கள். மடக்கு போனில் அதற்கு ஒரு கை அசைவு போதும். போனிலேயே கைது செய்யும் வழக்கம் நம் சட்டத்தில் கிடையாது. ஓடிபி, பின் நம்பர், ஆதார் எண் கேட்டாலும், ஏதாவது * # போட்டு அழுத்தச் சொன்னாலும் மூடிவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

மழைக்காலத்தில் இது தாங்குமா?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். மிக்ஜாம் சமயத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போனதும் டச் போன்கள் எல்லாம் மறுநாளே அணைந்துவிட்டன. அப்பாவின் போனில் மட்டும் சார்ஜ் மிச்சம் இருந்தது. தெருவே அதில்தான் ஊருக்குத் தகவல் சொன்னது. டவர் தள்ளாடும்போது கால் போகாவிட்டாலும் எஸ்எம்எஸ் போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். 'சரி' என்று அடிக்கத் தெரிந்தவருக்கு அன்று அது போதும்.

மழை அறிவிப்பு வந்தால் முந்தைய இரவே முழுக்க சார்ஜ் போடுங்கள். டார்ச்சை அளவாகப் பயன்படுத்துங்கள். எஃப்எம் ரேடியோ உண்டு. ரெயின்போ 101.4இல் செய்தி கேட்கலாம். சில போன்களுக்கு இயர்போன் வயர்தான் ஏரியல், அதைச் செருகினால்தான் பாடும்.

மாத்திரை நேரத்துக்கு அலாரம்?

வைக்கலாம். தினமும் திரும்ப அடிக்குமாறு வைத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே நாளோடு நின்றுவிடும்.

மடக்கி மடக்கி உடைந்துவிடாதா?

கீலுக்குள்ளே மெல்லிய ரிப்பன் வயர் ஒன்று மேல் திரைக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் போகிறது. ஒரு கையால் சுண்டித் திறந்தால் அதுதான் முதலில் தேயும். இரண்டு கையால், புத்தகம் திறப்பதுபோல் திறங்கள். மெரினா மணலில் திறந்து வைக்காதீர்கள். பேட்டரி உப்பிப் பின்மூடி மேலெழுந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

தொலைந்துவிட்டால்?

முதலில் சிம் கம்பெனிக்குச் சொல்லி சிம்மை முடக்குங்கள். பிறகு போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் பதிந்தால் போனையும் முடக்கிவிடுவார்கள். எண்ணை இன்றே *#06# அழுத்திப் பார்த்து காலண்டர் அட்டையில் எழுதிவிடுங்கள்.

வாட்ஸ்அப் வருமா? பேத்தி போட்டோவாவது பார்க்க முடியுமா?

சாதாரண மடக்கு போனில் வாட்ஸ்அப் கிடையாது. போட்டோ பார்க்கலாம். மகனுடைய போனிலிருந்து புளூடூத்தில் அனுப்பச் சொல்லி, வந்த படத்தைத் திறந்து 'ஆப்ஷன்ஸ்' போய் வால்பேப்பராக வையுங்கள். படம் பெரிதாக இருந்தால் சில போன்கள் ஏற்காது, சின்னதாக்கி அனுப்பச் சொல்லுங்கள். அப்பா போனைத் திறக்கும்போதெல்லாம் முதலில் தெரிவது என் மகள் முகம். கால் வராதபோதும் நாளைக்கு நாலு தடவை திறந்து மூடுகிறார்.